தொட்டி மூடியில் எழுதிய நம்பர்

இப்போதெல்லாம் குழாய் ஒழுகினால் யாரும் குழாய்க்காரனைக் கூப்பிடுவதில்லை. முதலில் படம் எடுக்கிறார்கள். கைக்கு எட்டுகிற தூரத்தில் வால்வு இருக்கும். அதை மூட மாட்டார்கள். கிட்டத்தில் ஒரு படம், எட்டத்தில் ஒரு படம், அப்புறம் அது சொட்டுகிற சத்தத்தோடு ஒரு வீடியோ. கீழ்வீட்டுக்காரன் தலையில் தண்ணீர் இறங்குகிற வரைக்கும் எடுத்து, யாருக்கோ அனுப்பி, "பார்த்தீங்களா?" என்று கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். படத்தைப் பார்த்து எவன் குழாய் சரி செய்தான்? எந்த இணைப்பில் எந்தப் பக்கம் கசிகிறது என்று விரலால் தடவினால்தான் தெரியும். நாற்பத்திரண்டு வருஷமாக நான் தடவிக்கொண்டிருக்கிறேன். என்னிடம் இருந்தது பட்டன் போன். அதில் படம் வராது, ஆள் குரல் வரும். அதுவும் வராமல் போன பிறகுதான் நான் போன் கடைப் படி ஏற வேண்டியதாயிற்று.

எனக்குக் கடை கிடையாது, பெயர்ப்பலகை கிடையாது. நம்பர்தான் கடை. வேலை முடிந்ததும் மொட்டைமாடித் தொட்டியின் மூடியைக் கவிழ்த்துப் போட்டு, அதன் உள்பக்கத்தில் சிவப்பு எனாமல் பெயின்ட்டால் என் நம்பரை எழுதிவிட்டுத்தான் இறங்குவேன். வெளிப்பக்கம் எழுதினால் ஒரே வருஷத்தில் வெயில் தின்றுவிடும். உள்பக்கம் எழுதினால் அப்படியே இருக்கும். தண்ணீர் வரவில்லையே என்று எவன் மூடியைத் தூக்கினாலும் முதலில் என் நம்பர்தான் அவன் முகத்தில் முழிக்கும். அப்படி முந்நூறு மூடிக்குக் குறையாமல் எழுதியிருக்கிறேன். பாதிப் பேர் வீடு மாறிவிட்டார்கள், சிலர் செத்தே போய்விட்டார்கள். மூடிகள் இருக்கின்றன. அந்த நம்பர் கை விட்டுப் போனால் முந்நூறு மாடி ஏறி முந்நூறு மூடியைத் திருப்ப வேண்டும். எனக்கு அறுபத்தெட்டு வயது. திருப்பி முடிக்கிறதற்குள் என்னைத் திருப்பிப் போட்டுவிடுவார்கள்.

நாலு வருஷமாக வேலை குறைந்துகொண்டே வந்தது. மாதத்துக்கு முப்பது அழைப்பு வந்த இடத்தில் பத்து, அப்புறம் ஐந்து. காரணம் யார் என்று எனக்குத் தெரியும். என் மைத்துனன்தான். என் மனைவியின் தம்பி. பதினெட்டு வருஷம் என்னோடு ஒரே சைக்கிளில் வேலைக்கு வந்தவன். பிறகு தனியாகப் போனான், போகட்டும் என்று விட்டேன். ஒருநாள் ரொட்டிக்கடை மாடியில் தொட்டி மூடியைத் தூக்கிப் பார்க்கிறேன், என் சிவப்பு நம்பருக்குக் கீழே நீலப் பெயின்ட்டில் அவன் நம்பர். ஓரத்தில் ஒளிந்துகொண்டு எழுதியிருந்தாலாவது திருடன் என்று மரியாதை கொடுத்திருப்பேன். நேர் கீழே, என் எழுத்தின் அளவுக்கே எழுதியிருந்தான். அன்றிலிருந்து அவனோடு பேச்சு இல்லை. அவன் எங்கள் வீட்டுக்கு வந்தால் நான் மாடிக்குப் போய்விடுவேன். மாடிக்கு வந்தால் தெருவுக்கு.

போன மாதம் ரொட்டிக்கடை முதலாளி தெருவில் என்னை நிறுத்தினார்.

"ஏங்க, நீங்க உயிரோடதான் இருக்கீங்களா?"

"ஏன், ரொட்டி மிச்சம் இருக்கா?"

"எத்தனை தடவை போன் அடிக்கிறது? எப்ப அடிச்சாலும் தொடர்பு எல்லைக்கு வெளியே இருக்கார்னு ஒரு பொம்பள சொல்லுது."

"என் போன் என் சட்டைப் பையிலதான் இருக்கு. அவ பொய் சொல்றா."

அவர் தன் போனை எடுத்து என் நம்பரை அழுத்தி, ஒலிபெருக்கியில் போட்டார். என் பையில் சத்தமே இல்லை. அவர் போனில் அந்தப் பெண் நிதானமாக ஆரம்பித்தாள். நான் அவருக்கு ஒன்றரை அடி தூரத்தில் நின்றுகொண்டு, எல்லைக்கு வெளியே இருந்தேன்.

வீட்டுக்கு வந்து சொன்னேன். என் மனைவி துணி மடித்துக்கொண்டிருந்தாள்.

"நாலு வருஷமா நானும் இதைத்தான் சொல்றேன். சந்தைக் கட்டடத்து மேல இருந்த டவரை உங்க கம்பெனிக்காரன் கழட்டிட்டுப் போனான். அதோட உங்க போன் ஊமையாயிடுச்சு. வேற கம்பெனிக்கு மாறுங்க, மாறுங்கன்னு எத்தனை தடவை சொன்னேன்?"

"நீ உன் தம்பியக் காப்பாத்தச் சொல்றேன்னு நினைச்சேன்."

"டவரைக் கழட்டினதும் என் தம்பிதான்னு சொல்லுவீங்களே."

அப்படியும் ஒரு நாள் யோசித்திருக்கிறேன். அதை அவளிடம் சொல்லவில்லை.

நம்பர் அதேதான் இருக்கும், கம்பெனி மட்டும் மாறும் என்று அவள் சத்தியம் செய்தாள். தண்ணீர் அதே தண்ணீர், பைப் மட்டும் வேறு என்றாள். எனக்குப் புரிகிற மாதிரி சொல்கிறாளாம். புதுக் கம்பெனிக்குப் பட்டன் போன் ஆகாதாம், டச் போன் வேண்டுமாம். வாடிக்கையாளர்கள் அனுப்புகிற படமும் அதில் வருமாம். "சரி, ஒழுகற படத்தையும் பார்த்துத் தொலைக்கறேன்" என்று மறுநாள் காலை கிளம்பினேன். ஒரு சின்ன பாட்டிலில் தண்ணீர் எடுத்துக்கொண்டேன்.

கடையில் கண்ணாடி மேஜைக்குப் பின்னால் ஒரு பெண் இருந்தாள். இருபத்தைந்து வயது இருக்கும். என்னைப் பார்த்ததும் சிரித்தாள். என் அனுபவத்தில், முதலில் சிரிக்கிறவர்கள் கடைசியில் சிரிப்பதில்லை.

"நம்பர் மாத்தாம எங்க கம்பெனிக்கு வந்தீங்கன்னா இந்தப் போன் இலவசம் ஐயா."

"இலவசம்னா?"

"காசு தர வேண்டாம்."

"எவ்வளவு நாளைக்குத் தர வேண்டாம்?"

அவள் சிரிப்பு கொஞ்சம் இறங்கியது. இரண்டு வருஷத்துக்கு அவர்கள் சொல்கிற பெரிய திட்டத்தில் இருக்க வேண்டும், மாதம் அறுநூறு. நடுவில் விலகினால் போனுக்கு முழு விலை. சட்டைப் பையில் இருந்த பென்சிலை எடுத்து அங்கே கிடந்த அட்டையின் பின்பக்கத்தில் போட்டுப் பார்த்தேன். பதினாலாயிரத்து நானூறு. குழாயை இலவசமாக மாட்டிவிட்டு மீட்டரை ஓட விடுகிற வேலை.

"அறுநூறுக்கு என்ன தருவே?"

"ஒரு நாளைக்கு ரெண்டு ஜிபி டேட்டா."

"நான் அவ்வளவு செலவு பண்ண மாட்டேன். மிச்சம் மறுநாளைக்குச் சேருமா?"

"சேராது ஐயா. ராத்திரி பன்னெண்டு மணிக்குக் காலியாயிடும்."

"அப்ப உங்க தொட்டிக்கு அடியில ஓட்டை இருக்கும்மா."

அவள் வாயைப் பொத்திக்கொண்டாள். பின்னால் திரும்பி யாரும் இல்லை என்று பார்த்துக்கொண்டு குரலைத் தாழ்த்தினாள்.

"ஐயா, உங்களுக்கு அந்த இலவசம் வேண்டாம். இதோ இது போன வருஷத்து மாடல். ஏழாயிரம், ஒரே தடவை குடுத்துடுங்க. மாசம் இருநூறு திட்டம் இருக்கு, பேசறது அளவில்லாம. கட்டாயம் எதுவும் இல்ல. உங்க வேலைக்கு இது தாராளம்."

மறுபடியும் போட்டேன். இரண்டு வருஷத்துக்கு எல்லாம் சேர்த்துப் பதினோராயிரத்து எண்ணூறு. இரண்டாயிரத்து அறுநூறு குறைவு. கணக்கு சரிதான். ஆள்தான் சரியில்லை. கடையில் உட்கார்ந்துகொண்டு குறைந்த விலைச் சரக்கைக் காட்டுகிறவளை என் வாழ்நாளில் பார்த்ததில்லை. போன வருஷத்து மாடல் என்றால் போன வருஷம் யாருமே வாங்கவில்லை என்று அர்த்தம். ஏன் வாங்கவில்லை?

"அது எதுக்கு ஏழாயிரம்? அதுல என்ன கெட்டுப் போயிருக்கு?"

"எதுவும் கெடல ஐயா. புது மாடல் வந்தா பழசு விலை இறங்கும்."

"மூணு கண்ணு வச்சிருக்கே, அந்தப் பெரிசைக் காட்டு."

அது இருபத்தைந்தாயிரம். பாட்டிலைத் திறந்து விரலை நனைத்துக்கொண்டு அதைத் தொட்டேன்.

"ஐயா! என்ன பண்றீங்க?"

"என் கை ஈரமாத்தான்ம்மா இருக்கும். ஒழுகற இடத்துல நின்னுக்கிட்டு, கையத் துடைச்சுட்டு வரேன், லைன்ல இருங்கன்னு சொல்ல முடியுமா?"

இருபத்தைந்தாயிரம் ரூபாய்ப் போன் ஈரக் கையைக் கண்டதும் பேய் பிடித்த மாதிரி ஆடியது. அதுவாகப் பக்கம் பக்கமாகப் புரண்டு, கடைசியில் என் மூக்கை மட்டும் பெரிசாகக் காட்டி நின்றது. ஏழாயிரத்தை அவளே துணியால் துடைத்துக் கொடுத்தாள். நனைந்த விரலுக்கு முதலில் முரண்டு பிடித்தது, அழுத்தித் தொட்டதும் வழிக்கு வந்தது. பேட்டரி ஐயாயிரம் என்றாள். ஐயாயிரம் என்ன, லிட்டரா என்றேன். இரண்டு நாள் வரும் என்றாள். அவளைத் தெருவுக்கு அனுப்பி, லாரி போகிற இடத்தில் நின்று பேசச் சொல்லிக் கேட்டேன். "ஐயா, கேக்குதா, கேக்குதா" என்று அவள் கத்தியது நன்றாகவே கேட்டது. நாலு தடவை கத்தவிட்டுக் கேட்குது என்றேன்.

வியர்வையோடு உள்ளே வந்தாள். நான் அடுத்ததைக் கேட்டேன்.

"இதுல உனக்கு என்ன கிடைக்கும்?"

"ஒண்ணும் கிடைக்காது. இலவசப் போனை வித்தாதான் எனக்கு ஏதாவது கிடைக்கும்."

"அப்புறம் ஏன் இதை எடுக்கச் சொல்றே?"

அவள் இரண்டு கையையும் மேஜை மேல் வைத்தாள். "சரி ஐயா. அப்ப நீங்க இலவசப் போனையே எடுத்துக்குங்க. எனக்கும் நல்லது."

"பாத்தியா! மனசுல இருந்தது வெளியே வந்துடுச்சு. அந்த ஏழாயிரத்தையே எடு."

இப்படித்தான் போன் தேர்வாயிற்று. இனி நம்பரை மாற்ற வேண்டும். பழைய போனுக்கு எழுத்தும் எண்ணுமாக ஒரு ரகசியக் கோடு வரும், அதைச் சொன்னால் போதும் என்றாள். கடைக்குள் சிக்னல் எங்கே இருக்கிறது? மூன்று மாடி ஏறி மொட்டைமாடியில் போனைத் தலைக்கு மேல் தூக்கிக்கொண்டு நின்றேன். வந்தது. கையோடு கையாக, அங்கே இருந்த தொட்டி மூடியையும் தூக்கிப் பார்த்தேன். நீலம். இறங்கி வந்தேன்.

"கோடு சொல்லுங்க ஐயா."

"சொல்ல மாட்டேன்."

"ஏன்?"

"போன்ல வர்ற கோடை யார்கிட்டயும் சொல்லாதீங்கன்னு ஊரே கத்துது. பேங்க்ல எழுதி ஒட்டியிருக்கான்."

"அது பேங்க் கோடு. இது என்கிட்ட சொல்றதுக்காகவே அனுப்பின கோடு."

"எல்லாத் திருடனும் அப்படித்தான் சொல்லுவான்."

கடைசியில் ஒரு உடன்பாட்டுக்கு வந்தோம். அவள் சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றாள். நான் அவளுடைய கம்ப்யூட்டரில் ஒவ்வொரு எழுத்தாகத் தேடி நானே தட்டினேன். அரை மணி நேரம் ஆயிற்று. பின்னால் காத்திருந்த ஒரு ஆள் கொட்டாவி விட்டு வெளியே போனார். அவள் திரும்பி வந்து, என் அடையாள அட்டையைப் பார்த்து, திரையைப் பார்த்து, மறுபடி அட்டையைப் பார்த்தாள்.

"ஐயா, இந்த நம்பர் உங்களோடது இல்ல."

"என்னது?"

"வேற ஒருத்தர் பேர்ல இருக்கு. அவர் வந்து கையெழுத்துப் போட்டாதான் மாத்த முடியும். சட்டப்படி நம்பர் அவரோடது."

யார் என்று அவள் சொல்ல வேண்டியதில்லை. இருபது வருஷத்துக்கு முன் அந்த நம்பர் வாங்கினபோது, கம்பெனிக்காரன் போட்டோ கேட்டான், அடையாள அட்டையின் நகல் கேட்டான். என் படத்தை வைத்துக்கொண்டு எந்தப் பத்திரத்தில் ஒட்டுவானோ என்று நான் தர மறுத்துவிட்டேன். பக்கத்தில் நின்ற மைத்துனன் தன் போட்டோவையும் அட்டையையும் கொடுத்துக் கையெழுத்துப் போட்டான். மாட்டினால் அவன் மாட்டட்டும் என்று நினைத்தேன். அந்தப் புத்திசாலித்தனத்தை நினைத்து இத்தனை வருஷமும் உள்ளுக்குள் சந்தோஷமாக இருந்தேன். இப்போது முந்நூறு மூடியிலும் நான் என் கையாலேயே, என் பெயின்ட்டாலேயே, அவன் நம்பரை எழுதி வைத்திருக்கிறேன்.

வீட்டில் சொன்னபோது என் மனைவி சிரித்தாள். கண்ணில் தண்ணீர் வருகிற அளவுக்குச் சிரித்தாள். நாற்பது வருஷத்தில் அவ்வளவு சிரித்து நான் பார்த்ததில்லை.

"அவனுக்கு மட்டும் சொல்லாதே. தெரிஞ்சா இன்னைக்கே நம்பரைப் பிடுங்கிக்குவான்" என்றேன்.

"அவன் பேர்ல இருக்கறது அவனுக்குத் தெரியாதாக்கும்? ஏற்கெனவே போன் பண்ணிச் சொல்லிட்டேன். விடுதி மாடியில வேலையா இருக்கானாம், உங்களை வரச் சொன்னான்."

போகாமல் என்ன செய்வது? இரவு முழுக்கப் புரண்டேன். அவன் என்ன கேட்பான் என்று ஒவ்வொன்றாக எண்ணிப் பார்த்தேன். பாதி வாடிக்கையைக் கேட்பான். இல்லாவிட்டால் காலில் விழச் சொல்வான். என் பைப் ரெஞ்ச் மேல் அவனுக்கு எப்போதும் ஒரு கண். அதைக் கேட்டாலும் கேட்பான். ரெஞ்சைக் கொடுத்துவிடலாம் என்று முடிவு செய்துகொண்டு காலையில் போனேன்.

விடுதி மாடியில் மைத்துனன் முழங்காலிட்டு நாலு அங்குலப் பைப்பில் பசை தடவிக்கொண்டிருந்தான். அவனுக்கும் தலை நரைத்துவிட்டது. நிமிர்ந்து பார்த்தான். வாங்க என்றுகூடச் சரியாகச் சொல்லவில்லை.

"மாமா, நல்ல நேரத்துல வந்தீங்க. இந்த எல்போவைக் கொஞ்சம் அழுத்திப் பிடிங்க. பசை போட்டுட்டேன், விட்டா நழுவிடும்."

யோசிக்கிறதற்குள் என் கை போய்ப் பிடித்துவிட்டது. பசை போட்ட இணைப்பைப் பார்த்தால் கைக்குக் கோபம் எல்லாம் தெரியாது. அவன் எழுந்து, கவிழ்த்திருந்த வாளியின் மேல் உட்கார்ந்து, நிதானமாகக் கையைத் துடைத்தான்.

"எவ்வளவு நேரம்டா பிடிக்கணும்?"

"பெரிய பைப் மாமா. பத்து நிமிஷம்."

ஐந்து நிமிஷம் போதும். அது எனக்கும் தெரியும், அவனுக்கும் தெரியும். ஆனால் நான் கையை எடுத்து நாளைக்கு அது ஒழுகினால், கிழவன் கெடுத்துவிட்டான் என்று ஊரெல்லாம் சொல்வான். பிடித்துக்கொண்டு நின்றேன்.

"அக்கா சொல்லுச்சு" என்றான்.

"நம்பர் உன் பேர்ல இருக்கறது உனக்குத் தெரியுமா?"

"தெரியாம? வருஷா வருஷம் உங்க போனுக்கு ஒரு பொறந்தநாள் வாழ்த்து வருமே, வந்துச்சா?"

வந்தது. மழைக்காலத்தில் ஒருநாள் தவறாமல் வரும். என் பிறந்த நாள் எனக்கே தெரியாது, கம்பெனிக்காரன் எப்படியோ கண்டுபிடித்திருக்கிறான் என்று நினைத்து, அன்றைக்கு மட்டும் இரண்டு டீ குடிப்பேன்.

"அது என்னோட பொறந்தநாள்" என்றான்.

கை வலித்தது. மாற்றிப் பிடித்தேன்.

"அப்ப இத்தனை வருஷமா ஏன்டா நம்பரைப் பிடுங்கல? ஒரு கையெழுத்துப் போட்டிருந்தா உன்னுது."

"எதுக்கு? 'யோவ் கிழவா, காலையில வரேன்னுட்டு இன்னும் வரலையே'ன்னு நாள் முழுக்கத் திட்டு வாங்கறதுக்கா? என் போனே ஓயாம அடிக்குது மாமா."

"அடிக்கும். என் மூடியில எல்லாம் உன் நம்பரை எழுதினா ஏன் அடிக்காது?"

"ரொட்டிக்கடையா? அவர் மூணு நாள் உங்களுக்கு அடிச்சுப் பார்த்துட்டு என்னைக் கூப்பிட்டாரு. இந்தச் சிவப்பை அழிச்சுட்டு உன்னுதை எழுதுன்னாரு. நான் அழிக்கல. கீழ எழுதினேன்."

"ஏன் அழிக்கல?"

"அழிக்கணும்னு தோணல."

"அதான் ஏன்னு கேக்கறேன்."

"இதுக்கெல்லாமா காரணம் வச்சிருப்பாங்க? அடிக்கற நம்பரா இருந்தா அடிக்கட்டும், இல்லாட்டி கீழ ஒண்ணு இருக்கட்டும்னு எழுதினேன். போற இடமெல்லாம் அப்படித்தான். உங்க நம்பர் மேல ஒரு துளி நீலம் பட்டிருக்கான்னு பாருங்க."

இதுவும் யோசித்து வைத்த பதிலாகத்தான் இருக்கும். நாலு வருஷம் நேரம் கிடைத்தால் யார்தான் யோசிக்க மாட்டார்கள்?

"சரி. கையெழுத்துப் போட உனக்கு என்ன வேணும்?"

"ஒண்ணும் வேணாம். நாளைக்குக் காலையில வந்து போடறேன்."

பாதி வாடிக்கையைக் கேட்டிருந்தால் பேரம் பேசியிருப்பேன். காலில் விழச் சொன்னால் முடியாது என்று சொல்லிவிட்டுப் போயிருப்பேன். ஒன்றுமே கேட்காதவனை என்ன செய்வது?

"ஏதாவது கேளுடா. ரெஞ்ச் வேணுமா?"

"அந்தத் துருப்பிடிச்சதா?" என்றான். "சரி, கேக்கச் சொல்றீங்க, கேக்கறேன். இன்னும் அஞ்சு நிமிஷம் பிடிங்க, நான் போய் டீ குடிச்சுட்டு வந்துடறேன்."

போய்விட்டான். பதினைந்து நிமிஷம் கழித்து வந்தான். எனக்கும் ஒரு டீ வாங்கி வந்தான். நான் குடிக்கவில்லை. பிறகு ஆறிப் போகிறதே என்று குடித்தேன்.

மறுநாள் கடைக்கு நான் போவதற்கு முன்னால் அவன் போய்த் தலையை வாரிக்கொண்டு உட்கார்ந்திருந்தான். அதுவே எனக்குப் பிடிக்கவில்லை. அந்தப் பெண் அவன் முகத்தைப் படம் எடுத்தாள். முதலில் நம்பர் அவன் பெயரிலிருந்து என் பெயருக்கு வரும், அப்புறம் கம்பெனி மாறும், ஒன்பது நாள் ஆகும் என்றாள். "சம்மதமா?" என்று அவள் கேட்டு முடிப்பதற்குள் "சம்மதம்" என்றான். படிவத்தை நான் விரல் வைத்து வரி வரியாகப் படித்தேன். அவன் படிக்காமலே கையெழுத்துப் போட்டுவிட்டு எனக்காகக் காத்திருந்தான்.

"என்ன எழுதியிருக்குன்னு பார்க்காம போடறியேடா?"

"நீங்கதான் ரெண்டு பேருக்கும் சேர்த்துப் படிக்கிறீங்களே."

பெண் குனிந்துகொண்டாள். சிரித்திருப்பாள்.

நான் வாங்கியிருந்த போனைப் பார்த்து, "இந்த மாடலா? நல்ல போன் மாமா. நானும் இதேதான் வச்சிருக்கேன்" என்று பையிலிருந்து எடுத்துக் காட்டினான். "மாத்தித் தர முடியுமா" என்று அவளிடம் கேட்டேன். முடியாது என்றாள்.

அந்த ஒன்பது நாளும் எனக்குச் சோறு இறங்கவில்லை. நடுவில் நம்பர் எங்கேயாவது நழுவி அவன் போனில் போய் விழுமோ என்று தினமும் ரொட்டிக்கடைக்குப் போய், முதலாளி போனிலிருந்து என் நம்பருக்கு அடிக்கச் சொல்லிக் கேட்டேன். தினமும் அதே 'எல்லைக்கு வெளியே' பெண் குரல்தான் பேசியது. மைத்துனன் குரல் வரவில்லை. வராதது நல்லதா கெட்டதா என்றும் தெரியவில்லை.

ஒன்பதாம் நாள் புது சிம்மைப் போட்டுக் கொடுத்தாள். மைத்துனனும் வந்திருந்தான். எதற்கு வந்தாய் என்று கேட்டேன். சும்மா என்றான். கடை வாசலில் நின்றோம். கால் மணி நேரம் ஆகவில்லை, போன் அடித்தது. அழுத்தித் தொட்டு எடுத்தேன். யாரோ ஒரு அம்மா, பக்கத்தில் நிற்கிறவனுக்கும் கேட்கிற குரலில். தொட்டி மூடியில் நம்பர் பார்த்தாராம், நாலாவது மாடியாம், குழாய் வெடித்து வீடெல்லாம் தண்ணீராம்.

"மொதல்ல வால்வை மூடுங்க. படம் எடுக்காதீங்க. வரேன்" என்றேன்.

என் நம்பர். என் பெயரில். சட்டப்படி. போனைச் சட்டைப் பையில் போட்டு, மேலே ஒரு தட்டுத் தட்டினேன்.

"பாத்தீங்களா, வேலை செய்யுது" என்றான் மைத்துனன். "நாலு மாடி மாமா. வெடிச்ச பைப்னா ரெண்டு பேர் வேணும். நான் வேணா கூட வரட்டுமா?"

வந்தது பார். ஒன்றும் வேண்டாம், ஒன்றும் வேண்டாம் என்று சொல்லிக்கொண்டே இருந்தவன், முதல் அழைப்பு வந்த மறு நிமிஷமே கூட வருகிறேன் என்கிறான். இதற்குத்தானா? ஆனால் இதற்கு மட்டும் என்றால் இவ்வளவு செய்திருக்க வேண்டாமே. முழு வாடிக்கையும் கைக்கு வந்திருக்கும், ஒரு கையெழுத்துதான். அதை விட்டுவிட்டு ஒரு நாள் வேலைக்குத் துணையாக வருகிறவன் எதையோ பெரிதாக வைத்திருக்க வேண்டும்.

"வேணாம்" என்றேன்.

"சரி" என்றான். அவ்வளவுதான். இன்னொரு தடவைகூடக் கேட்கவில்லை.

பையைத் தோளில் மாட்டிக்கொண்டு நடந்தேன். தெருமுனையில் திரும்பிப் பார்த்தேன். அவன் என்னைப் பார்த்துக்கொண்டிருப்பான் என்று நினைத்தேன். அவன் பார்க்கவில்லை. வாசலில் நின்று அந்தக் கடைப் பெண்ணிடம் ஏதோ சொல்ல, அவள் சிரித்துக்கொண்டிருந்தாள். நான் எந்தப் பக்கம் போகிறேன் என்றுகூட அவன் கவனிக்கவில்லை. அவ்வளவு கவனிக்காமல் இருக்க ஒருவனால் சும்மா முடியாது. முன்கூட்டியே எல்லாம் தெரிந்திருக்க வேண்டும்.

கண்டுபிடிக்கிறேன். இன்றைக்கு நேரமில்லை. அவன் பின்னால் வர முடியாதபடி, அந்த அம்மா வீட்டுக்கு நேர்வழியை விட்டு, சந்துக்குள் புகுந்து நடந்தேன்.